மீன்தொட்டிக்குள் அரசியலமைப்பு

மனைவிக்கு இன்னும் இரண்டே நாளில் பரீட்சை என்று தெரிந்தும், அவளிடம் இருந்த ஒரே பாடப்புத்தகத்தை மீன்தொட்டிக்குள் வைத்து, மேலே சரஸ்வதியை உட்காரவைத்து, சூடம் காட்டிப் பூட்டவிட்ட ஆள் நான்தான். வேறு யாராவது சொல்லி நீங்கள் கேள்விப்படுவதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. அந்தப் புத்தகம் இந்திய அரசியலமைப்புச் சட்டம். தொட்டியோ, தங்கமீன்கள் என் கவனிப்பைத் தாங்க முடியாமல் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்ட பிறகு பரணில் காலியாகக் கிடந்தது.

சொந்த ஊர் நகரி. திருப்பதியில் அலிபிரிக்குப் போகும் வழியில் ஒரு மாடிவீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். நான் ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். போக வர கம்பெனி பஸ்ஸில் தூங்குவதுதான் என் முழுநேர வேலை. இடையில் கொஞ்சம் சம்பளத்துக்கும் உழைப்பதுண்டு. மனைவி ஒரு வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்ட். பல வருடங்களாக வக்கீல்கள் சொல்லச் சொல்ல மனு அடித்தவள், அவர்கள் எங்கே தப்பாகச் சொல்கிறார்கள் என்று மனசுக்குள் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறாள் போல. ஒரு நாள் திடீரென்று, "நானே வக்கீலுக்குப் படிக்கப்போறேன்" என்றாள். நான் அதை ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன். அந்த வீட்டில் ஜோக் அடிப்பது என் இலாகா. அவள் அதில் கைவைப்பதில்லை என்பதை மறந்துவிட்டேன்.

படித்தாள். எல்லாப் பேப்பரும் தேறினாள். அரசியலமைப்புச் சட்டம் மட்டும் ஒரு தடவை போய்விட்டது. அந்த ஒன்றைத் தாண்டினால் கறுப்புக் கோட்டு, தாண்டாவிட்டால் மறுபடி கீபோர்டு. மறுபரீட்சையை தசரா லீவு முடிந்ததும் வைத்திருந்தார்கள். அதாவது விஜயதசமிக்கு மறுநாள் காலை.

இதற்கு நடுவில்தான் எனக்கு தேசபக்தி வந்தது.

போன நவம்பரில் கம்பெனியில் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்து, அரசியலமைப்புக்கு எழுபத்தைந்து வருடம் நிறைந்தது என்று அதன் முகப்புரையைப் படிக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் பிரார்த்தனைக்கு வாயசைத்த அனுபவம் கைகொடுத்தது. அன்று திரையில் அசல் பிரதியைக் காட்டினார்கள். கையால் எழுதியது. பக்கத்துக்குப் பக்கம் ஓவியம். டெல்லியில் கண்ணாடிப் பெட்டிக்குள், கெட்டுப்போகாமல் இருக்க வாயு நிரப்பி வைத்திருக்கிறார்களாம். அந்தப் பெட்டி என் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. நவராத்திரி வந்ததும் அறிவித்தேன்: "இந்த வருஷம் நம்ம வீட்டு கொலு, அரசியல் நிர்ணய சபை."

"எனக்குப் பரிட்ச இருக்குது. கூப்பிடாம இருந்தா எதுவா வேணா இருக்கட்டும்" என்றாள் மனைவி.

கொலு பொம்மைகள் என் அக்காவுடையவை. நகரியில் அவர்களுக்கு பவர்லூம் கொட்டகை. வருடா வருடம் நவராத்திரிக்கு ஒரு டிரங்குப் பெட்டி நிறைய பொம்மைகளோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசிப் பழகிய குரல். அவள் ரகசியம் சொன்னாலே கீழ்வீட்டுத் தெலுங்குக்கார ஆன்ட்டி அங்கிருந்தே பதில் சொல்வார்.

சபையை நான்தான் கூட்டினேன். சட்டத்தை எழுதிய குழுவுக்கு ஏழு பேர் என்று படித்திருந்தேன். தசாவதாரத்தில் ஏழு பேரை எடுத்து நடுப்படியில் உட்காரவைத்தேன். மிச்சம் மூன்று பேரைக் கீழ்ப்படியில் பார்வையாளர் வரிசைக்கு அனுப்பினேன். கிரிக்கெட் செட்டு பதினொரு பேரும் உறுப்பினர்கள். செட்டியார் தம்பதி நிதித்துறை. கல்யாண பேண்டு வாத்தியக்காரர்களை எதிரெதிரே நிறுத்தி விவாதம் என்று எழுதி வைத்தேன்.

அக்கா வந்து பார்த்தாள். "டேய், நரசிம்மர இன்னாத்துக்குடா கீழ ஒக்கார வெச்சிக்கிற?"

"அவரு பார்வையாளர்க்கா."

"சாமிக்கே சீட்டு இல்லன்ட்டியா? மேல ஏத்துடா."

சட்டம் எழுதிய குழுவில் எங்கள் வீட்டில் மட்டும் பத்துப் பேர்.

படிகளுக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் புத்தகத்தை வைத்து, மீன்தொட்டியைக் கவிழ்த்து மூடினேன். ஓரமெல்லாம் செலோடேப். வாயுவுக்கு கோயில் வாசலில் பலூன் விற்பவரைக் கேட்டுப்பார்த்தேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "எதுக்கு சார், தொட்டி பறக்கணுமா?" என்றார். வாயு யோசனையைக் கைவிட்டேன்.

உள்ளே இருந்த புத்தகத்தைப் பற்றி ஒரு விஷயம். மனைவி படித்துக்கொண்டிருப்பதை எடுக்க முடியாது அல்லவா? எங்கள் ஸ்டோர்ஸில் கழித்துப்போட்ட ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கேட்லாக் தலையணை கனத்துக்கு இருந்தது. அதற்குத் தங்கநிற கிஃப்ட் பேப்பர் சுற்றி, அசல் பிரதியின் முதல் பக்கத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்து ஒட்டினேன். தூரத்திலிருந்து பார்த்தால் டெல்லி. கிட்டே போனால் பேரிங், வால்வு, பம்ப்.

வெற்றிலை பாக்கு வாங்க வந்த பெண்கள் அசந்துபோனார்கள். கீழ்வீட்டு ஆன்ட்டி காளஹஸ்தியிலிருந்து வந்த தன் நாத்தனாரை அழைத்துவந்தார். அந்தம்மா, "லோபல பொம்மலு உன்னாயண்ட கதா, ஒக்கசாரி சூபிஞ்சண்டி" என்று உள்ளே இருக்கும் படங்களைப் பார்க்க ஆசைப்பட்டார். "தெறந்தா கேஸ் போய்டும்மா" என்றேன். பயபக்தியோடு இரண்டடி பின்னால் நகர்ந்துகொண்டார். பெட்ரூமில் படித்துக்கொண்டிருந்த மனைவி இருமினாள். அந்த இருமலுக்கு எனக்கு அர்த்தம் தெரியும்.

சரஸ்வதி பூஜையன்று காலை அவள் ஆபீசுக்குக் கிளம்பினாள். அங்கே கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் பொட்டு வைக்க வேண்டும். "வந்து உக்காந்தா நாளன்னிக்குக் காலைல வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். அடிப்படை உரிமை மறுபடி ஒரு தரம் பாக்கணும், ரிட்டு மொத்தமும் பாக்கணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனாள்.

அக்கா பூஜைக்குத் தயாரானாள். தொட்டியைத் துடைத்து உள்ளே சந்தனம் வைக்க வேண்டுமென்றாள். டேப்பைப் பிரித்தேன். புரட்டாசிப் புழுக்கத்தில் பசை இளகியிருந்தது. கிஃப்ட் பேப்பரோடு முதல் பக்கம் மொத்தமாகக் கழன்று வந்தது. உள்ளே அட்டையில் ஒரு நீர் இறைக்கும் பம்ப், பல்லைக் காட்டிக்கொண்டு.

"இன்னாடா இது?"

"ஆயுத பூஜதானேக்கா. பம்புக்கும் உண்டு."

"எட்டு நாளா இதுக்காடா சுண்டல் பண்ணிப் பண்ணி கையி வீங்கிக்கினு கீறேன்? ஊர்ல கீற பொம்பளைங்கல்லாம் வந்து பம்புக்குக் கும்பிடு போட்டுட்டுப் போயிக்கிறாங்க. நெசப் புக்க எட்தா!"

நிஜப் புத்தகம் பெட்ரூம் மேஜையில் இருந்தது. பழைய புத்தகக் கடையில் வாங்கியது, முதுகு விட்டுப்போய் நூல் தெரிந்தது. ஓரமெல்லாம் பென்சிலில் தமிழில் அவள் எழுத்து. எடுத்து வந்து வைத்தேன். அந்த நேரத்தில் எனக்கு மூளை என்று ஒன்று இருந்ததாக நினைவில்லை. பூஜைதானே, மணி அடித்து முடித்ததும் எடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பேன். சின்ன வயதில் இந்த ஒரு நாளைக்காகத்தானே வருஷமெல்லாம் காத்திருந்தோம்: பூஜையில் வைத்த புத்தகத்தை மறுநாள் காலைவரை தொடக்கூடாது, படிக்கக்கூடாது. கணக்குப் புத்தகத்தைத்தான் நான் முதலில் கொண்டுபோய் வைப்பேன். அதையா மறப்பேன்? மறந்தேன்.

அக்கா புத்தகத்துக்குச் சந்தனம், குங்குமம் இட்டு, தொட்டியைக் கவிழ்த்து, என்னை மறுபடி டேப் ஒட்டச் சொல்லி, அதன் தலையில் சரஸ்வதியை வைத்து, சாமந்தி சாற்றி, கற்பூரம் காட்டிவிட்டாள்.

மனைவி வந்தாள். பெட்ரூமுக்குள் போனாள். வெளியே வந்தாள்.

"என் புக்கு?"

என் கண் தானாகத் தொட்டி பக்கம் போனது. அவள் பார்த்தாள். கண்ணாடிக்குள், நெற்றியில் பொட்டோடு, அவளுடைய புத்தகம்.

நான் நினைத்தது போலக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "இது போச்சுன்னா அடுத்த பரிட்ச எப்பன்னு கூடத் தெரியாதுங்க" என்றாள். அவ்வளவுதான். எனக்கு வாயில் வந்திருந்த மூன்று ஜோக்கும் உள்ளேயே செத்துப்போயின.

"போன்ல படிச்சிக்கலாமே. சும்மாவே கெடைக்குது" என்றேன்.

"என் பென்சிலும் போன்ல கெடைக்குதா?"

அக்காவிடம் போனேன். அக்கா சமையலறையில் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தாள். "நாளிக்கிக் காலீல எட்துக்கட்டும். ஊர்ல எங்க தறியே இன்னிக்கி நிக்குது. தறிய விடப் பெர்ஸா புக்கு? ஒரு நாளு படிக்காங்காட்டி சட்டம் மாறிடப்போவுதா?" என்றாள். அவளுக்கு விரோதமெல்லாம் கிடையாது. சாமி விஷயம், அவ்வளவுதான். நாளைக்கு மனைவிக்குக் குறை வந்தால் தன்னால் வந்ததாகிவிடுமே என்ற பயமும் உண்டு. அதைத் தறிச் சத்தக் குரலில் சொன்னால் அதிகாரம் போலத்தான் கேட்கும்.

சாயங்காலம் விளக்கு வைத்தாகிவிட்டது. கீழ்வீட்டு ஆன்ட்டி தாம்பூலத்துக்கு வந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்து, "ஏமைந்தம்மா?" என்று கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் கன்னத்தில் கைவைத்தார். "மா இண்ட்லோ மூலா நட்சத்திரம் அன்னிக்கே சரஸ்வதி பூஜ ஆயிபோயிந்தி. மாக்கு இட்ல புக்க கட்டி வைக்கிறது லேது. பூஜ பண்ணி, பிள்ளைங்கள அன்னிக்கே படிக்க வைப்போம்." அவர்கள் வீட்டில் பூஜை முன்பே முடிந்துவிட்டதாம், புத்தகத்தைக் கட்டிவைக்கும் வழக்கமும் இல்லையாம்.

"எங்கள்து வேற, உங்கள்து வேற" என்றாள் அக்கா, தட்டில் மஞ்சளை வைத்தபடி.

அப்போதுதான் மனைவி எழுந்தாள். கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு அக்காவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். பேச்சு சாதாரணமாகத்தான் ஆரம்பித்தது.

"அண்ணி, ஒரு வருஷம் சரஸ்வதி பூஜ அன்னிக்கு மெட்ராஸ்லேந்து லாரி வந்து நின்னுதுன்னு சொல்லியிருக்கீங்களே. சரக்கு குடுத்தீங்களா?"

"குட்த்தோம். வாக்கு குட்த்த சரக்காச்சே."

"அதுக்கு மொதநாளே நெய்ஞ்சி வெச்சிருந்தீங்களா?"

"எங்க? பாதி சரக்கு தறியிலதான் கீது அப்போ."

"அப்ப பூஜ போட்ட தறி அன்னிக்கே ஓடிச்சா?"

அக்கா வெற்றிலையைத் துடைப்பதை நிறுத்தினாள். "சும்மாவா ஓட்னோம்? எங்க ஊட்டுக்காரரு காலண்டர பாத்தாரு. நவமி போயி தசமி வந்துட்ச்சான்னு பாத்துட்டு, கற்பூரம் காட்டி, கலசத்த ஒரு இன்ச்சு வடக்க நவுத்திட்டு, அதுக்கப்பறம்தான் ஸ்விட்ச்ச போட்டாரு."

"விடிய வெச்சா, இல்ல ராத்திரியேவா?"

"ராத்திரியே. தசமி வந்துட்டா விஜயதசமிதானே."

சொன்ன பிறகுதான் அக்காவுக்குத் தெரிந்தது, எங்கே வந்து நிற்கிறோம் என்று. வக்கீல் ஆபீசில் மனு அடித்தவள் இவ்வளவையும் காதில் வாங்கிக்கொண்டுதான் அடித்திருக்கிறாள்.

"அது தறி" என்றாள் அக்கா. "ஓட்லன்னா சோறு இல்ல."

"எனக்கு இதுல சோறு அண்ணி."

அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "டேய், காலண்டர பார்ரா" என்றாள்.

எங்கள் வீட்டில் தொங்குவது தமிழ் தினசரி காலண்டர். தாளைத் தூக்கிப் பார்த்தேன். தசமி வர நடுராத்திரிக்குப் பக்கம் ஆகும் போலிருந்தது. சொன்னேன். மனைவியின் தோள் இறங்கியது. நான் நல்ல செய்தி சொன்ன நாள் ஒன்று கூட ஞாபகம் வரவில்லை.

"மா காலண்டர்ல தசமி அப்புடே வச்சேசிந்தே!" என்றார் ஆன்ட்டி. ஏற்கெனவே வந்துவிட்டதாம். சொல்லிக்கொண்டே படியில் இறங்கி ஓடினார். ஆணியோடு பிடுங்கியது போலத் தெலுங்கு காலண்டரைக் கொண்டுவந்து அக்கா மடியில் விரித்தார். கட்டத்துக்குள் விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டினார். விளக்கு வைத்த கொஞ்ச நேரத்திலேயே அவர்களுக்கு தசமி. ஒரே வானம், ஒரே நிலா. மாடிக்கு ஒரு நேரம், கீழ்வீட்டுக்கு ஒரு நேரம்.

அக்கா இரண்டு காலண்டரையும் மாறி மாறிப் பார்த்தாள். டிவியில் கூட நான் தீர்ப்புக்கு இப்படிக் காத்திருந்ததில்லை.

"நகரியில கீறப்ப நம்ப காலண்டரு" என்றாள் கடைசியில். "இங்க கீறப்ப இந்த ஊரு காலண்டருதான். இவங்க ஊர்ல தண்ணி குட்ச்சிக்கினு, இவங்க ஊர்ல சோறு துன்னுக்கினு, தசமிக்கி மட்டும் நம்ப ஊருக்கா ஓடறது? எட்றா சரஸ்வதிய."

நகரியும் இதே மாநிலம்தான் என்பது என் நாக்கு நுனி வரை வந்தது. நமக்குச் சாதகமான தீர்ப்பில் குற்றம் கண்டுபிடிக்கக்கூடாது என்கிற அளவுக்கு எனக்கும் சட்டம் தெரியும்.

அதன்பிறகும் அக்கா முறையை விடவில்லை. மறுபடி விளக்கேற்றி, கற்பூரம் காட்டி, "நவுத்துடா வடக்க" என்றாள். அந்த ஹாலில் வடக்கு எது என்று எனக்குக் குழப்பம். "மலை தெரியற ஜன்னல் பக்கம்டா, வெங்கடாசலபதி இன்னாத்துக்கு நிக்கிறாரு அங்க?" சரஸ்வதியை ஜன்னல் பக்கம் ஒரு விரற்கடை நகர்த்தி, பிறகு தூக்கி அக்கா கையில் கொடுத்தேன். டேப்பை இழுத்த வேகத்தில் பேண்டு செட்டில் நாதஸ்வரக்காரர் கவிழ்ந்து குழலை இழந்தார். தொட்டியைத் தூக்கினேன். சந்தன வாசனையோடு புத்தகம் வெளியே வந்தது.

மனைவி அதை வாங்கித் திறந்தாள். முதலில் பார்த்தது ஓரத்தில் பென்சில் எழுத்து அழிந்திருக்கிறதா என்றுதான். அழியவில்லை. உரிமைகள் பகுதியில் மட்டும் குங்குமம் இறங்கி ஏழெட்டுப் பக்கம் சிவந்திருந்தது. "பரவால்ல, எடம் கண்டுபிடிக்க ஈஸியா இருக்கும்" என்றாள்.

கூடத்திலேயே, கொலுவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். ஆன்ட்டியும் கிளம்பவில்லை. அக்கா பொங்கலை ஒரு கிண்ணத்தில் போட்டு அவள் பக்கத்தில் வைத்துவிட்டுக் கேட்டாள்: "மொதல்ல இன்னா போட்டுக்கீது அதுல? இத்தினி நாளா கும்பிட்டுக்கினு கீறேன், தெரிஞ்சிக்கிறேன்."

மனைவி முகப்புரையைத் தமிழில் சொன்னாள். "இந்திய மக்களாகிய நாம்" என்று தொடங்கியதுமே அக்கா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நாம்னா? நானுமா?"

"நீங்களும்தான்."

"என்ன யாரும் கேக்கலியே."

"கேக்கலன்னா நீங்க கேளுங்கன்றதுதான் அண்ணி இந்த புக்கு." அப்படியே பக்கத்தைத் திருப்பி, யார் யாரை எங்கே போய்க் கேட்கலாம், கோர்ட்டு எந்தெந்த விதத்தில் ரிட்டு என்கிற கட்டளை போடலாம் என்று ஆரம்பித்தாள். அவள் முதல் தடவை தோற்ற பகுதி அதுதான். அக்கா விடாமல் கேட்டாள். கரண்டு ஆபீஸ்காரன் கனெக்‌ஷன் தராமல் இழுத்தடித்தால் எந்தக் கட்டளை, ஒருத்தனைக் கொண்டுபோய் சும்மா அடைத்துவைத்தால் எந்தக் கட்டளை. ஆன்ட்டி தெலுங்கில் தன் பங்குக்கு வீட்டுவரித் தகராறு ஒன்றைக் கொண்டுவந்தார். மனைவி ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு, பிறகு பார்த்துச் சரியென்று தலையாட்டிக்கொண்டாள். நானும் ஒரு சந்தேகம் கேட்டேன். மூன்று பேரும் சேர்ந்து என்னைச் சமையலறைக்கு அனுப்பினார்கள்.

மறுநாள் முழுக்க அக்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். சுண்டலுக்கு வந்தவர்களுக்கு வாசலிலேயே பொட்டலம். "உள்ள படிக்கிறாங்க. பொம்மைய வர்ற வருஷம் பாத்துக்கலாம், போங்க" என்று அவள் ரகசியமாகச் சொன்னது தெருமுனை வரை கேட்டது.

பரீட்சையன்று நான் லீவு போட்டு அவளைக் கல்லூரியில் கொண்டுபோய் விட்டேன். வெளியே வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எப்படி என்று கேட்டேன். "எழுதியிருக்கேன்" என்றாள். வக்கீல் ஆவதற்கு முன்பே பிடிகொடுக்காத பேச்சு வந்துவிட்டது.

ரிசல்ட் வந்த அன்று நான் கம்பெனி பஸ்ஸில் இருந்தேன். வரதய்யபாளையம் தாண்டும்போது போன் அதிர்ந்தது. மார்க் ஷீட்டின் படம். அரசியலமைப்புச் சட்டம், பாஸ். அதுவும் இழுத்துப்பறித்து இல்லை, நல்ல மார்க். பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் எழுப்பிச் சொன்னேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில் வாழ்த்து குறைவாகத்தான் இருந்தது. எனக்கென்ன. இந்தச் செய்தியை அக்காவுக்கு நான்தான் சொல்ல வேண்டும் என்று உடனே நகரிக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் எடுத்ததும், கொஞ்சம் காக்கவைத்துச் சொன்னால்தான் ருசி என்று தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன்.

"அக்கா, ஒரு முக்கியமான விஷயம். நின்னுக்கினு இருந்தா மொதல்ல உக்காரு..."

"அவ எனக்குத்தான் மொதல்ல சொன்னா, போன வைடா."